பட்டறையும் புத்தக மூட்டையும்

என் வீட்டுப் பரணில் 331 நூல்கள் இருக்கின்றன. இதைக் கேள்வியுறுவோர் என்னைப் பெரிய படிப்பாளி என்று எண்ணிக்கொள்வதுண்டு. உண்மை வேறு. அவை அனைத்தும் ஒரே நூலின் படிகள். எழுதியவன் நான், அச்சிடப் பணம் கொடுத்தவனும் நான், பரணில் ஏற்றியவள் என் மனைவி.

எழுத்தாளர்கள் எழுத்துப் பட்டறை நடத்துவதன் வாயிலாகத் தம் நூல்களை மக்களிடம் கொண்டுசெல்லுவது பற்றி ஒரு கட்டுரை வேண்டுமென்று ஆண்டு மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டபோது, முதலில் தயங்கினேன். பட்டறை நடத்திப் புகழ் பெற்றவர்கள் தமிழ்நாட்டில் பலர் இருக்கிறார்கள். நானோ இருமுறை நடத்தி, ஒருமுறை வெட்கப்பட்டு, ஒருமுறை ஓரளவு தேறியவன். ஆயினும் வெட்கப்பட்டவன் சொல்லுவதிலும் சிறிது பயன் இருக்கலாம் என்று கருதி எழுதுகிறேன்.

என் நூல் பன்னிரண்டு சிறுகதைகள் கொண்டது, 144 பக்கம், விலை ரூ. 120. ஐந்நூறு படிகள் அச்சிட்டேன். வெளியீட்டு விழாவிலும், உறவினர்க்கும் நண்பர்க்கும் அன்பளிப்பாகவும் எழுபது படிகள் போயின. பிறகு காரைக்காலிலும் அக்கம்பக்கத்து ஊர்களிலும் கடை கடையாக ஏறி இறங்கினேன். கடைக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். விலையில் மூன்றில் ஒரு பங்கு கழிவு கேட்பார்கள். விற்ற பிறகுதான் பணம் தருவார்கள். அதுவும் நியாயமே. பெயர் தெரியாத ஒருவனுடைய கதைப் புத்தகத்தை வைக்கிற ஓரடி இடத்தில் போட்டித் தேர்வு வழிகாட்டியை வைத்தால் அவர்களுக்கு அன்றே காசு. திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி வரும்போது பாருங்கள், பலன் சொல்லும் சிறு புத்தகங்கள் எந்தப் பட்டறையும் இல்லாமல் குவியல் குவியலாக விற்கும். அண்டை மாவட்டத்தார் நம் எல்லையைத் தாண்டி வருவது எதற்கு என்பதையும் நான் சொல்ல வேண்டியதில்லை, சிறுகதைக்காக அல்ல. இரண்டாண்டில் கடைகளில் விற்றவை பதினொன்று.

அப்போதுதான் ஒரு நண்பர், “பட்டறை நடத்துங்கள், புத்தகம் தானே போகும்” என்றார்.

பட்டறை என்ற சொல்லைச் சற்றுப் பார்ப்போம். நம் ஊர்ப்பக்கத்தில் பட்டறை என்றால் கொல்லுப் பட்டறைதான். உலையும் துருத்தியும் சம்மட்டியும் உள்ள இடம். அங்கே யாரும் சொற்பொழிவு ஆற்றுவதில்லை. இரும்பு காய்ச்சப்படுகிறது, அடிக்கப்படுகிறது, வேண்டிய வடிவுக்கு வளைகிறது. அச்சொல்லைக் கலைத்துறையில் நிலைநிறுத்தியதில் பெரும்பங்கு, 1977-இல் சென்னையில் தொடங்கப்பட்ட ‘கூத்துப்பட்டறை’க்கு உண்டு. அதைத் தொடங்கிய ந. முத்துசாமி நமக்கு அயலவர் அல்லர். மயிலாடுதுறைப் பக்கத்துப் புஞ்சை அவர் ஊர். அவர் தம் தொடக்கக் காலக் கதைகளை எழுதிய ஏடு சி.சு. செல்லப்பாவின் ‘எழுத்து’. செல்லப்பாவைப் பற்றிச் சொல்லவே இக்கட்டுரையில் பாதி இடம் வேண்டும். அதற்கு முன் சிறிது பழங்கதை.

நூலை மக்கள் முன் வைப்பது புதுக்கவலை அன்று. அக்காலத்துக்கு அரங்கேற்றம் இருந்தது. புலவர் பாடுவார், அவையோர் தடை எழுப்புவர், விடை சொல்லித் தேறினால்தான் நூல் நிற்கும். நம் திருமலைராயன்பட்டினத்தில் காளமேகம் அதிமதுரகவியோடு மோதி எமகண்டம் பாடிய கதையை எல்லாரும் அறிவீர்கள். வரலாறு எவ்வளவு, கட்டுக்கதை எவ்வளவு என்பது ஒருபுறம் இருக்கட்டும். கேட்பவர் முன்னிலையில், அவர்கள் கொடுக்கிற குறிப்புக்கு, அந்தக் கணத்தில் செய்து காட்ட வேண்டும் என்ற எண்ணம் நம் மண்ணில் பழையது என்பது அதிலிருந்து தெரிகிறது. அச்சு வந்த பிறகு கையொப்பம் வந்தது. நூல் வெளிவருமுன்பே, ‘இத்தனை படி வாங்கிக்கொள்வேன்’ என்று அன்பர்கள் கையெழுத்திடுவார்கள். உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டபோது இப்படிக் கையொப்பம் சேர்க்க அலைந்தார். 1920-இல் பாரதியார், தம் எழுத்துகளை நாற்பது நூல்களாக, ஒவ்வொன்றிலும் பதினாயிரம் படி அச்சிட எண்ணி, அன்பர்களிடம் கடன் உதவி கேட்டுச் சுற்றறிக்கை விடுத்தார். அந்தத் திட்டம் நிறைவேறவில்லை. அடுத்த ஆண்டு அவர் மறைந்தார். பாரதிக்கே இந்த நிலை என்றால் என் பரணைப் பற்றி நான் மிகவும் வருந்தக் கூடாதுதான்.

மேல்நாட்டிலும் எழுத்தாளன் மேடையேறாமல் இருந்ததில்லை. சார்லஸ் டிக்கன்ஸ் 1858 முதல் தம் கதைகளைக் கட்டணத்துக்கு வாசித்துக் காட்டி ஊர் ஊராகச் சென்றார். ஆனால் அது வாசிப்பு. கேட்பவர்க்கு அங்கே வேலை இல்லை. எழுதியதை நடுவில் வைத்து எல்லாருமாகப் பிரித்துப் பார்க்கும் பயிற்சிக்கு, அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1936-இல் அமைந்த எழுத்தாளர் பட்டறை முன்மாதிரியாயிற்று. அது பட்டம் தரும் படிப்பு. புத்தகம் விற்பது அதன் நோக்கம் அன்று. இவ்விரண்டும் கலந்த ஒன்றைத்தான் நாம் இன்று ‘எழுத்தாளர் நடத்தும் பட்டறை’ என்கிறோம்.

நிற்க. செல்லப்பாவுக்கு வருவோம்.

சி.சு. செல்லப்பா (1912–1998) 1959 சனவரியில் ‘எழுத்து’ என்ற ஏட்டைத் தொடங்கினார். 1970 வரை அது வந்தது. அதில் விமரிசனம் வளர்ந்தது. புதுக்கவிதை வேர் பிடித்தது. ந. பிச்சமூர்த்தி, பசுவய்யா, சி. மணி, தருமு சிவராமு, வைத்தீஸ்வரன் முதலியோர் எழுதினார்கள். 1962-இல் அக்கவிதைகளில் தேர்ந்தவற்றைச் சேர்த்துப் ‘புதுக்குரல்கள்’ என்ற தொகுப்பைச் செல்லப்பா வெளியிட்டார். எழுத்துப் பிரசுரம் என்ற பெயரில் தம் நூல்களையும் பிறர் நூல்களையும் தாமே பதிப்பித்தார். கடைகளில் அவை போகவில்லை. ஆகவே நூல்களை மூட்டையாகக் கட்டிக்கொண்டு, பேருந்திலும் இரயிலிலும் ஏறி, கல்லூரி கல்லூரியாகச் சென்றார். சில பயணங்களில் வல்லிக்கண்ணனும் உடன் போயிருக்கிறார். கல்லூரியில் இடம் கொடுத்தால் பேசுவார். பிறகு மூட்டையைப் பிரிப்பார்.

இந்தக் காட்சியை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். கதர் உடுத்திய ஒரு மனிதர், விடுதலைப் போரில் சிறை சென்றவர், தம் வயதில் பாதிகூட இல்லாத மாணவர்களின் முன் மூட்டையோடு நிற்கிறார். இன்று நாம் அதை விளம்பரம் என்போம். அவருக்கு அது விளம்பரமாகத் தோன்றியிராது. தமிழில் சிறுகதை எப்படிப் பிறந்தது, புதிய கவிதை ஏன் வேண்டும் என்பதே அவர் பேசிய பொருள்; கையில் இருந்த நூல்கள் அப்பேச்சுக்குச் சான்று. பேச்சும் நூலும் ஒரே வேலையின் இரு கைகள். வாங்கிய மாணவன் விற்பனைக் கணக்கில் ஒன்றாக நிற்கவில்லை. அடுத்த இதழுக்குக் கவிதை அனுப்பக் கூடியவனாக நின்றான்.

இதனால் அவர் செல்வர் ஆனாரா? ஆகவில்லை. கடைசிவரை நெருக்கடியான வாழ்வுதான். ‘சுதந்திர தாகம்’ என்ற பெருநாவலை 1997-இல், எண்பது வயதைக் கடந்த பிறகு, மூன்று பாகங்களாகத் தாமே வெளியிட்டார். மறைந்த பின் 2001-இல் அதற்குச் சாகித்திய அக்காதெமி விருது கிடைத்தது. அவருடைய ‘வாடிவாசல்’ இன்று பதிப்பு மேல் பதிப்பாக வருகிறது. 2013-இல் ஆங்கிலத்திலும் வந்தது. மூட்டை சுமந்த தோளுக்கு அந்தப் பணம் வந்து சேரவில்லை. ஆகவே ‘பட்டறை நடத்தினால் நூல் விற்கும்’ என்று உறுதி சொல்பவர்களை நான் நம்புவதில்லை. விற்கலாம். எப்போது என்பது நம் கையில் இல்லை.

யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா 1966-இல் ‘மல்லிகை’ இதழைத் தொடங்கி, அதைத் தாமே கையில் சுமந்து தெருத் தெருவாக விற்றார். முடிதிருத்தும் கடையே அவருடைய இலக்கியக் கூடமாகவும் இருந்தது. வந்தவரோடு பேசுவார், இளைஞர் எழுதியதைக் கேட்பார், இதழைக் கொடுப்பார். அதையும் ஒரு பட்டறை என்றே சொல்லுவேன். வேறொரு வழியில் சென்றவர் ரா.கி. ரங்கராஜன். கதை எழுதுவது எப்படி என்று அவர் அஞ்சல்வழிப் பாடமே நடத்தினார். பாடங்கள் பிறகு நூலாயின. இங்கே நூலை விற்கப் பாடம் வரவில்லை. பாடத்திலிருந்து நூல் வந்தது. நம் காலத்தில் ஜெயமோகனைச் சூழ்ந்த விஷ்ணுபுரம் இலக்கிய வட்டத்தார் ஊட்டியில் நடத்திவரும் முகாம்களில், குறித்த படைப்புகளை முன்கூட்டியே படித்து வர வேண்டும் என்பது முறை. அவ்வட்டத்தின் பெயரால் பின்னர் ஒரு பதிப்பகமும் அமைந்தது. வாசகர் முதலில், பதிப்பகம் பிறகு. இந்த வரிசை கவனிக்கத்தக்கது.

நான் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்தேன். அதைச் சொல்லியாக வேண்டும்.

முதற் பட்டறையை நான் பாடம் நடத்தும் மாணவர்களுக்கே வைத்தேன். ஒருநாள், காலை பத்து முதல் மாலை நான்கு வரை. அறுபது பேர். கதையின் இலக்கணம் பற்றி நான் இரண்டு மணி நேரம் பேசினேன். பிற்பகல் ஆளுக்கொரு பக்கம் எழுதச் சொன்னேன்; அறுபது பக்கத்தையும் படிக்க நேரமில்லை; ‘வீட்டுக்குப் போய்ப் படித்துச் சொல்கிறேன்’ என்றேன். முடிவில் மேசைமேல் என் நூல். அன்று ஒரே மாலையில் முப்பத்தெட்டுப் படிகள் விற்றன. இரண்டாண்டில் கடைகள் விற்றதைப்போல் மூன்று மடங்குக்கு மேல். மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து, வராந்தாவில் ஒரு மாணவன் நின்றான். நல்ல பையன்; கூச்சமுள்ளவன். “ஐயா, அன்னிக்கிக் கையில காசு இல்ல. இன்னிக்கி வாங்கிக்கிட்டாலும் இன்டர்னல் மார்க்குல சேரும்ங்களா?” என்று கேட்டான்.

அவன் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டான். அதுதான் என்னைச் சுட்டது. அகமதிப்பீட்டு மதிப்பெண்ணைக் கையில் வைத்திருப்பவன் மேசைமேல் ஒரு பொருளை வைத்து 120 ரூபாய் என்றால், அதன் பெயர் விற்பனை அன்று. சிலருக்கு அந்த 120 ரூபாய் ஒரு வாரத்துப் பேருந்துச் செலவு. வாங்காத இருபத்திரண்டு பேர் எவ்வளவு அஞ்சியிருப்பார்கள் என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் வகுப்பில், நூலைத் திருப்பிக் கொடுக்க விரும்புவோர் கொடுத்துப் பணம் பெற்றுக்கொள்ளலாம் என்றேன். காரணத்தையும் மறைக்காமல் சொன்னேன். இருபத்தொரு படிகள் திரும்பி வந்தன. பெரும்பாலானவை பிரிக்கப்படாத மடிப்போடு புத்தம்புதியனவாகவே இருந்தன. பதினேழு பேர் திருப்பித் தரவில்லை. அவர்களில் ஒருவன், “பாதி படிச்சிட்டேன் ஐயா” என்றான். அந்த ஒரு சொல் எனக்குப் போதுமாக இருந்தது.

ஓராண்டு சும்மா இருந்தேன். செல்லப்பாவைப் பற்றி அப்போதுதான் ஊன்றிப் படித்தேன். அவரிடம் மூட்டை இருந்தது. மதிப்பெண் பட்டியல் இல்லை. வாங்காமல் போகும் உரிமை கேட்பவனுக்கு முழுமையாக இருந்தது. அந்த உரிமை இல்லாத இடத்தில் நடப்பது பட்டறை ஆகாது என்று எனக்கு நானே ஒரு விதி செய்துகொண்டேன்: என்னிடம் படிக்கும் மாணவர் எவர்க்கும் என் நூலை விற்பதில்லை, வேண்டுமானால் நூலகத்தில் எடுத்துப் படிக்கட்டும்.

இரண்டாம் பட்டறை பாரதியார் வீதிக்கு அருகே, முன்பு தட்டச்சு நிலையமாக இருந்து இப்போது கணினிப் பயிலகமாகிவிட்ட ஒரு கட்டடத்தின் மாடியில் நடந்தது. நண்பருடைய இடம், வாடகை இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று மணி நேரம் வீதம் ஐந்து வாரம். நான் அரசுச் சம்பளம் பெறுபவன் ஆதலால் கட்டணம் வாங்கவில்லை. தேநீருக்கும் நகலெடுக்கவும் ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு போட்டுக்கொண்டோம். தனியாகத் தொழில் செய்யும் எழுத்தாளர் கட்டணம் வாங்குவதில் தவறே இல்லை. உண்மையில் பத்து விழுக்காட்டு உரிமைத்தொகையில் வாழ்வதைவிட அதுதான் நேர்மையான வருவாய். நூறு ரூபாய் நூலுக்குப் பத்து ரூபாய் வரும். முந்நூறு படி விற்றால் மூவாயிரம். ஓராண்டு உழைப்புக்கு இது கூலியா?

பதினாறு பேரைத்தான் சேர்த்தேன். இதற்குக் கணக்கு உண்டு. ஒருவர் எழுதிய இரண்டு பக்கத்தைப் படித்து, எல்லாரும் பேசி முடிக்க இருபது மணித்துளி ஆகும். மூன்று மணி நேரத்தில், இடையில் தேநீரும் சேர்த்து, எட்டுப் பேருக்கு மேல் இயலாது. இரு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவர் எழுத்தும் நடுவில் வர வேண்டுமானால் பதினாறுதான் எல்லை. அறுபது பேரை வைத்துக்கொண்டு நடத்துவது கூட்டம். அதற்கு ஒலிபெருக்கி போதும், பட்டறை வேண்டாம்.

யார் வந்தார்கள்? ஓய்வு பெற்ற ஆசிரியர் இருவர்; மருந்துக்கடை ஊழியர் ஒருவர்; பிரான்சில் மகன் வீட்டில் பாதி நாளும் இங்கே பாதி நாளும் கழிக்கும் ஒரு பெரியவர்; நிரவியிலிருந்து ஓர் இல்லத்தரசி. (பாரதிதாசன் 1909-இல் ஆசிரியப் பணி தொடங்கிய ஊர் நிரவி என்று நான் சொன்னபோது அந்த அம்மாள், “அதனாலதான் என் வீட்டுக்காரருக்குக் கவிதைன்னாலே ஆவாது” என்றார், தொடர்பு எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.) நகலெடுக்கும் கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணும் வந்தாள். கிளிஞ்சல்மேட்டைச் சேர்ந்தவள், மீனவர் வீட்டுப் பெண், வயது இருபத்து மூன்று இருக்கும். முதலிரு வாரம் அவள் வாய் திறக்கவில்லை.

முதல் வாரம் இலக்கணம் பேசவில்லை. ஒவ்வொருவரும் தம் வீட்டு வாசலிலிருந்து மாடிக்கு வந்து சேர்ந்த வழியை ஒரு பக்கத்தில் எழுத வேண்டும், உவமை கூடாது, ‘அழகான’ என்ற சொல் கூடாது. இரண்டாம் வாரம், ஒருவர் பேச்சை அப்படியே எழுதி வரச் சொன்னேன். இவற்றில் புதுமை ஒன்றும் இல்லை. எவரும் செய்யக் கூடியவை. மூன்றாம் வாரம் செய்ததுதான் எனக்கே புதிது. என் நூலிலிருந்து ஐந்தாம் கதையை நகலெடுத்து, எழுதியவர் பெயரை நீக்கி, பதினாறு பேருக்கும் கொடுத்து, “இதில் என்ன குறை?” என்று கேட்டேன். உண்மையைச் சொன்னால் குறை அதிகம் வராது என்று நினைத்தேன். அது என் நல்ல கதை.

கதை இது. மீனவன் ஒருவன். தங்கை மகளுக்கு மே மாதத்தில் திருமணம். தாய்மாமன் அவன், சீர் கொண்டுவர வேண்டியவன். விசைப்படகில் எட்டுப் பேரோடு கடலுக்குப் போகிறான். நடுக்கடலில் எந்திரம் நின்றுவிடுகிறது. திருமண நேரத்துக்குக் கரை சேர முடியவில்லை. கத்திரி வெயில், கடல், தொலைவில் கேட்பதுபோல் தோன்றும் நாகசுரம் என்று வருணனையெல்லாம் பலமாக இருக்கும்.

ஓய்வு பெற்ற ஆசிரியர் நடையைப் பாராட்டினார். மருந்துக்கடைக்காரர் முடிவு சற்று நீளம் என்றார். அப்போது அந்தப் பெண் முதன்முதலாகப் பேசினாள்.

“ஐயா, மே மாசத்துல லாஞ்சு எப்படிப் போவும்? தடைக்காலமுல்ல?”

அறை அமைதியாயிற்று. ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை அறுபத்தொரு நாள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் இனம்பெருகும் காலம் என்பதால் விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். துறைமுகத்தில் அவை வரிசையாகக் கட்டிக் கிடப்பதை நான் ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். பார்த்தும் எழுதும்போது நினைக்கவில்லை. கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் பிறந்தவன் நான். கடலைப் பற்றி எழுதும்போது அந்த இரண்டு கிலோமீட்டர் கதைக்குள் வந்துவிட்டது.

“யாருங்க எழுதினது?” என்றார் பெரியவர்.

“நான்தான்” என்றேன்.

அந்தப் பெண் எழுந்து நின்றுவிட்டாள். “தப்பா சொல்லிட்டேன் ஐயா” என்றாள். தப்பு அவளுடையது இல்லை என்று சொல்லி உட்கார வைக்க வேண்டியிருந்தது. பிறகு எல்லாருமாகக் கதையைச் சம்மட்டியால் அடிக்கத் தொடங்கினோம். மே என்பதை மார்ச்சு ஆக்கலாமா? ஆக்கினால் கத்திரி வெயில் போய்விடும். பங்குனியில் திருமணம் வைப்பார்களா என்ற கேள்வியும் வரும். விசைப்படகைக் கட்டுமரம் ஆக்கலாமா? கட்டுமரத்தில் எட்டுப் பேர் எப்படிப் போவார்கள்? எந்திரம்தான் ஏது? ஒரு பிழையைத் தொட்டால் கதை முழுவதும் ஆடியது. இந்தப் பாடத்தை நான் இரண்டு மணி நேரம் பேசினாலும் அவர்களுக்குப் புரிய வைத்திருக்க முடியாது.

அவளே வழியும் சொன்னாள். “தடைக்காலத்துலதான் ஐயா எங்க பக்கம் கல்யாணம் வைப்பாங்க. ஆம்பளைங்க எல்லாம் கரையில இருப்பாங்கல்ல. ஆனா தொழில் இல்லாத நாளு. கையில காசு இருக்காது.” சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அந்த மாமன் கடல்ல இருக்க வேண்டாம் ஐயா. கரையிலேயே இருக்கட்டும். வலை பொத்திக்கிட்டு உக்காந்திருக்கட்டும். மேளச் சத்தம் நெசமாவே கேக்கட்டும்” என்றாள்.

சீர் செய்யப் பணம் இல்லாததால், நாலு தெரு தள்ளி நடக்கும் திருமணத்துக்குப் போக முடியாமல் கரையில் உட்கார்ந்திருக்கும் தாய்மாமன். என் கதையில் எந்திரம் பழுதானதால் அவன் வரவில்லை. அவள் கதையில் வறுமையால் வரவில்லை. எந்திரத்தை நான் கொண்டுவந்தது எதற்கு என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எண்ணிக்கொண்டே போனேன். காசில்லாதவனின் அவமானம் எனக்குத் தெரியாது. எந்திரம் நின்றுபோவது எல்லாருக்கும் தெரியும். அதுதான் காரணம்.

நான்காம், ஐந்தாம் வாரங்கள் அந்தக் கதையைத் திருத்தி எழுதுவதிலும், அவரவர் கதையில் இப்படி எந்த எந்திரம் ஒளிந்திருக்கிறது என்று தேடுவதிலும் கழிந்தன. மேசைமேல் என் நூல் ஐந்தாம் வாரம்தான் வந்தது. அதுவும் நான் வைக்கவில்லை. மருந்துக்கடைக்காரர், “மத்தப் பதினொரு கதையில என்ன தப்பு இருக்குன்னு பாக்கணும், கொண்டாங்க” என்று கேட்டதால் வந்தது. அன்று ஒன்பது பேர் வாங்கினார்கள். ஏழு பேர் வாங்கவில்லை. அவர்களிலும் மூவர் நூலகத்தில் எடுத்துப் படித்தார்கள். அடுத்த ஆறு மாதத்தில் அந்த ஒன்பது பேர் வழியாக மேலும் அறுபத்திரண்டு படிகள் போயின. பெரியவர் பிரான்சுக்கே பத்து எடுத்துச் சென்றார். ஆக எழுபத்தொன்று. ஐந்து ஞாயிற்றுக்கிழமைக்கும் ஆறு மாதத்துக்கும் இது பெரிய எண்ணிக்கை அன்று. முதற் பட்டறையின் ஒரே மாலைக்கு முப்பத்தெட்டு வந்ததே என்று கணக்குப் பார்ப்பவர் கேட்கலாம். அந்த முப்பத்தெட்டில் ஒருவர்கூட இன்னொருவருக்கு நூலைச் சொல்லவில்லை என்பதையும் அவர் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.

பழைய நூல்களில் கடைசியில் பிழைதிருத்தப் பட்டியல் ஒன்று ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். என் பிழை அந்தச் சீட்டுக்குள் அடங்காது. ஆகவே திருத்திய கதையைப் பன்னிரண்டு பக்கத்தில் தனியாக நகலெடுத்து, ‘ஐந்தாம் கதைக்கு மாற்றாக இதைப் படிக்க’ என்று மேலே குறித்து, பரணில் உள்ள ஒவ்வொரு படியிலும் செருகி வருகிறோம். செலவைக் குறைத்து எடுத்துத் தருபவள் அந்தப் பெண்ணே. அவள் வேலை பார்க்கும் கடையில்தான் நகல் எடுக்கிறோம். கதையின் கீழ் அவள் பெயரையும் சேர்க்க வேண்டும் என்றேன். இப்போது வேண்டாம் என்கிறாள். தான் எழுதிக்கொண்டிருக்கும் கதை முடியட்டும், அதன் கீழ் போட்டுக்கொள்கிறேன் என்கிறாள்.

முன்பு நூலைப் பெற்றவர்கள் பலர் இருக்கிறார்கள்: அன்பளிப்பாகப் பெற்றவர்கள், கடையில் வாங்கிய பதினொருவர், திருப்பித் தராத பதினேழு மாணவர்கள். அவர்களிடம் பிழையுள்ள கதை இருக்கிறது. இம்மலரைப் படிப்பவர்களில் எவரேனும் அவர்களில் ஒருவராக இருந்தால், தமிழ்த்துறையில் என்னை வந்து பாருங்கள். பன்னிரண்டு பக்கத்தையும் தருகிறேன், காசு வேண்டாம். சென்ற வாரம் ஒருவன் வந்தான். இப்போது அவன் என் மாணவன் இல்லை. தேர்ச்சி பெற்றுப் போய்விட்டவன். “மீதிப் பாதியும் படிச்சிட்டேன் ஐயா” என்று சொல்லி, அந்தத் தாளை வாங்கிக்கொண்டு, வராந்தாவிலேயே நின்று படிக்க ஆரம்பித்தான். எனக்கு அடுத்த வகுப்புக்கு மணி அடித்துவிட்டது.